விட்சரா, எல்டன் ரிங்கா, ரெட் டெடா, செல்டாவா: எதை முதலில் தொடங்குவது?

எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம் என்கிற பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம் ஒன்றைத் தொடங்கி, ஒரு வாரம் ஆசை ஆசையாக ஆடி, நடுவில் வேலை வந்து விட்டுப்போய், அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் நம்மில் ஏராளம். பாதியில் நிற்கிற கேம்களின் பட்டியல் ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் நல்ல கேம்கள் என்பதுதான் வேடிக்கை.

"பெரிய கேம் ஒன்றே ஒன்றுதான் ஆட நேரம் இருக்கிறது, எதை எடுக்கலாம்?" என்று கேட்பவர்கள் சுற்றிச் சுற்றி இந்த நான்கில்தான் வந்து நிற்கிறார்கள்: 2015ல் வந்த விட்சர் 3, 2017ல் வந்த செல்டா பிரெத் ஆஃப் த வைல்ட், 2018ல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, 2022ல் வந்த எல்டன் ரிங். நான்கையும் முடித்திருக்கிறேன், நான்கையும் பற்றி எனக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு, அதில் சில உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம்.

விருது, விமர்சன மதிப்பெண் இதையெல்லாம் வைத்து முடிவெடுக்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது. த கேம் அவார்ட்ஸில் விட்சர், செல்டா, எல்டன் ரிங் மூன்றும் அந்தந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியவை. ரெட் டெட் மட்டும் அந்த ஆண்டு காட் ஆஃப் வாரிடம் தோற்றது, அதற்காக அதை யாரும் சின்ன கேம் என்று சொல்லிவிட முடியாது. நேரத்தை வைத்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கதையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினாலே எதுவுமே ஐம்பது, அறுபது மணி நேரம் கேட்கும். மூலை முடுக்கெல்லாம் பார்க்கிற ஆளென்றால் நூறைத் தாண்டும்.

அதனால் நான் பார்ப்பது வேறு ஒன்றை. இரண்டு வாரம் தொடாமல் இருந்துவிட்டு ஒரு ராத்திரி மறுபடி உட்காரும்போது, இந்த கேம் என்னை உள்ளே விடுமா? கையில் இருப்பது ஒரு மணி நேரம் மட்டும் என்றால், எழுந்திருக்கும்போது ஏதாவது நடந்திருக்குமா? முழு நாளும் ஆடக்கூடிய வயதில் இந்தக் கேள்வியெல்லாம் தேவையே இல்லை. வேலை, குடும்பம் என்று ஆன பிறகு இதுதான் முதல் கேள்வி.

முதலில் எல்டன் ரிங், ஏனென்றால் நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதே சமயம் முதலில் ஆடச் சொல்லி நான் யாரிடமும் நீட்டாததும் இதுதான்.

ஃப்ரம் சாஃப்ட்வேர் செய்தது, இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி, பின்னணிப் புராணத்தை எழுதியவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். ஆனால் கதை உங்களுக்குச் சொல்லப்படும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். பாதிக் கதை நீங்கள் பொறுக்குகிற கத்தி, கவசம், தாயத்துகளின் விளக்கக் குறிப்புகளில் கிடக்கிறது, மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். குகையை விட்டு வெளியே வந்ததும் பச்சைப் பசேலென்று ஒரு நிலம், தூரத்தில் பொன்னிற மரம், நேர் எதிரே குதிரையில் தங்கக் கவசத்தோடு ஒருவன் ரோந்து போய்க்கொண்டிருப்பான். ட்ரீ சென்டினல். முதல் எதிரி இவன்தான் போல என்று நெருங்கினால் இரண்டே அடியில் ஆள் காலி. அங்கேயே அந்த கேம் தன் முதல் பாடத்தை நடத்திவிடுகிறது: முடியவில்லையா, சுற்றிக்கொண்டு போ, பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வா. இதற்கு முந்தைய டார்க் சோல்ஸ் வகை கேம்களில் ஒரு சுவரில் முட்டிக்கொண்டால் முட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே எந்தத் திசையிலும் போகலாம் என்பதால் சுவர் அவ்வளவு உயரமாகத் தெரிவதில்லை.

பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு சண்டை எப்படி இருக்கும் என்பதற்கு மார்கிட் ஒருவன் போதும். ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குப் போகும் வழியை மறித்து நிற்பவன். கைத்தடியைத் தலைக்கு மேல் தூக்குவான், நீங்கள் பயந்து உருளுவீர்கள், அவன் அடிக்கவே மாட்டான், தூக்கிய கையோடு ஒரு கணம் அப்படியே நிற்பான், நீங்கள் உருண்டு எழுந்து நிற்கும் சரியான நேரத்தில் அந்த அடி இறங்கும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் பொத்தானை அமுக்குகிற பழக்கத்தை உங்களிடமிருந்து உரித்தெடுக்கத்தான் அவன் அங்கே நிற்கிறான். பத்துப் பதினைந்து தடவை செத்த பிறகு ஒரு கட்டத்தில் கண் அவன் தோளைப் பார்க்கப் பழகிவிடும், தடியைப் பார்க்காது. அவன் விழுகிற அந்த நொடியில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, மற்ற மூன்று கேம்களிலும் அதற்கு ஈடு கிடையாது, இதை அடித்துச் சொல்வேன்.

ஆனால் இந்தக் கையின் ஞாபகம்தான் சிக்கலே. இரண்டு வாரம் விட்டால் போய்விடும். திரும்பி வந்து உட்கார்ந்தால் எந்த பொத்தானில் மருந்து, எதில் உருளுவது என்று விரல் தடுமாறும், போதாக்குறைக்கு இந்த கேமில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் என்று ஒன்று கிடையாது. யாரோ ஒரு சூனியக்காரி எதையோ எங்கேயோ தேடச் சொன்னாள், யார், எங்கே? கேம் வாயைத் திறக்காது. நோட்டில் எழுதி வைத்திருந்தால் உண்டு. சண்டை நடுவில் ஆட்டத்தை நிறுத்தி வைக்க ஒரு பொத்தானும் கிடையாது, கதவு மணி அடித்தால் அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஒரே பாஸிடம் செத்துச் செத்து, சேர்த்த ரூன்களையும் (இங்கே காசும் லெவல் ஏற்றுவதும் இவற்றால்தான்) இழந்துவிட்டு எழுந்து போகிற ராத்திரிகள் கண்டிப்பாக வரும். செத்த இடத்தில் ரூன்கள் விழுந்து கிடக்கும், ஓடிப்போய் எடுக்கலாம், எடுப்பதற்குள் இன்னொரு முறை செத்தால் போனது போனதுதான்.

ஈசி மோட் இல்லை என்று குறை சொல்கிறார்கள். அமைப்புகளில் இல்லை, அது உண்மை. ஆனால் துணைக்கு ஆவிகளை அழைக்கலாம், வேறு ஆட்டக்காரர்களைக் கூப்பிடலாம், தூர நின்று மந்திரம் வீசலாம், லெவலை ஏற்றிக்கொண்டு வந்து சாவகாசமாக அடிக்கலாம். "ஆவியை அழைத்து ஜெயித்தால் அது ஜெயிப்பே இல்லை" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். கேமில் வைத்திருக்கிறார்கள் என்றால் பயன்படுத்தத்தான். மலேனியா என்ற பாஸிடம் போகும்போது நீங்களே புரிந்துகொள்வீர்கள்: அவள் உங்களை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அவளுடைய உயிர் ஏறும், கேடயத்தில் தாங்கினாலும் ஏறும். அவளைத் தொடாமலே கதையை முடித்துவிடலாம் என்பது ஒரு ஆறுதல்.

சரி, விட்சர் 3. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் செய்தது. சண்டை போடுவதில் இது எல்டன் ரிங்கின் கிட்டே கூட வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயகன் ஜெரால்ட் நடக்கச் சொன்னால் திரும்பி வளைந்து ஒரு அடி தள்ளிப் போய் நிற்பார், குதிரை ரோச் வேலியைப் பார்த்ததும் அரண்டு நிற்கும், சில சமயம் கூரை மேல் போய் நிற்கும். இதையெல்லாம் மீறி இதை ஆட வைப்பது மனிதர்கள்.

வெலன் என்ற சதுப்பு நிலத்தில் பாரன் என்று அழைக்கப்படும் ஒரு பிரபு வருவார். குடிகாரர், பருத்த உடம்பு, ஜெரால்டின் வளர்ப்பு மகள் சிரியைப் பற்றித் தகவல் வேண்டுமென்றால் காணாமல் போன தன் மனைவியையும் மகளையும் கண்டுபிடித்துக் கொடு என்பார். தேடத் தேடத் தெரியவரும், அவர்கள் காணாமல் போகவில்லை, இவரிடமிருந்து ஓடியிருக்கிறார்கள். குடித்துவிட்டு அடித்தவர். கருவிலேயே போன குழந்தை, முறையாகப் புதைக்கப்படாமல் பேயாக எழுந்து வந்திருக்கும். அதை நீங்கள் வாளால் முடிக்கலாம். அல்லது அந்தத் தகப்பனே அதைக் கையில் ஏந்தி, ராத்திரியில், மழையில், வீட்டு வாசல் வரை சுமந்து போய்ப் பெயர் வைத்துப் புதைக்க வைக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் நீங்கள் நடக்க வேண்டும், ஆவிகள் பாயும், அவற்றை அடித்துக்கொண்டே கையிலிருக்கும் அந்த உயிர் வெறியாகிவிடாமல் இடையிடையே ஆக்சி மந்திரத்தால் அதை அடக்கிக்கொண்டே போக வேண்டும். அந்த நடையின் போது அந்த ஆளை வெறுப்பதா, அவருக்காக வருந்துவதா என்று உங்களுக்கே தெரியாது, கேமும் சொல்லித் தராது. அதோடு விடவும் இல்லை. வேறொரு இடத்தில், ஒரு மரத்தடியில், சம்பந்தமே இல்லாதது போலத் தெரிகிற ஒரு முடிவை எடுத்திருப்பீர்கள், அது ரொம்ப நேரம் கழித்து இந்தக் குடும்பத்தின் தலையில் வந்து விழும். என்ன ஆகும் என்று சொல்ல மாட்டேன். எதை எடுத்தாலும் யாராவது அழத்தான் போகிறார்கள்.

திரும்பி வரும் கேள்விக்கு விட்சர் கொடுக்கிற பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சேவ் செய்ததைத் திறக்கும்போது, லோடிங் ஓடுகிற நேரத்தில், கவிஞன் டேன்டலியன் குரலில் இதுவரை நடந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். தினமும் ஆடுகிறவர்களுக்கு அது எரிச்சல், தாண்டிவிடலாம். ஒரு மாதம் கழித்து வருகிற ஆளுக்கு அது வரப்பிரசாதம். வேலைப் பட்டியலிலும் ஒவ்வொன்றுக்கும் நடந்தது நடந்தபடி எழுதி வைத்திருக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேய் வேட்டை ஒப்பந்தத்தை எடுத்து, ஊர்க்காரர்களிடம் விசாரித்து, தடம் பார்த்து, எண்ணெய் பூசிய வெள்ளி வாளால் வேலையை முடித்துக் காசு வாங்கிவிட்டு எழுந்துவிடலாம். அதில் ஒரு முழுச் சிறுகதை படித்த திருப்தி இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. மேப் முழுக்கக் கேள்விக்குறிகள். ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடலில் மிதக்கிற கேள்விக்குறிகளில் பெரும்பாலானவை கடத்தல்காரர்கள் விட்டுப்போன பெட்டிகள், படகை ஓட்டி ஓட்டி ஒவ்வொன்றாகத் திறப்பதைவிடச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இரண்டு விரிவாக்கங்கள் வந்தன, 2015ல் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், 2016ல் பிளட் அண்ட் வைன். சிறியதான முதலாவதுதான் எனக்கு உசத்தி, அதன் வில்லனுக்காக. அந்த ஆளை ஆரம்ப கிராமத்து விடுதியிலேயே சாதாரணமாக உட்கார வைத்திருப்பார்கள், முதல் தடவை ஆடுகிறபோது யாரும் கவனிப்பதில்லை.

செல்டா பற்றிப் பேசும்போது முதல் தடை வேறு: அது நின்டெண்டோ கருவிகளில் மட்டும்தான் ஓடும். ஸ்விட்ச் இல்லை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள், இதற்காக மட்டும் ஒரு கருவி வாங்கச் சொல்ல மாட்டேன். இருக்கிறது, இன்னும் ஆடவில்லை என்றால், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த கேமில் கதை மெலிசு. நாலு தெய்வ மிருகங்கள், உள்ளே போனால் நான்கும் ஏறக்குறைய ஒரே சாயல், கடைசியில் வில்லன் கனான். வசனத்துக்காக விட்சரைக் கொண்டாடுகிற ஆளுக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால் உலகத்தின் விதிகளை இவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடிக்கிற கேம் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. புல்லில் தீ வைத்தால் பரவும், பரவினால் சூடான காற்று மேலே எழும், அந்தக் காற்றில் கிளைடரை விரித்தால் நீங்களும் மேலே போவீர்கள். இடி இடிக்கும்போது இரும்பு வாளை முதுகில் வைத்திருந்தால் மின்னல் உங்கள் மேல்தான் விழும், அதே வாளைக் கழற்றி எதிரியின் காலடியில் வீசினால் அவன் மேல் விழும். ஷ்ரைன் எனப்படும் சின்னப் புதிர்க் கோயில்கள் உண்டு, அதில் ஒன்றில் மின்சாரத்தை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கொண்டு போக வேண்டும், இரும்புப் பந்தை உருட்டிச் சேர்க்க வேண்டும் என்பது புதிர் போட்டவர்கள் நினைத்த வழி. பையில் இருக்கிற இரும்பு வாள், கேடயம் எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் போட்டாலும் மின்சாரம் பாயும், கதவு திறக்கும். இப்படித் திறக்கிறபோது ஏமாற்றிவிட்டோம் என்று தோன்றும், இதையும் யோசித்துத்தான் விட்டிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் உறைக்கும்.

ஆயுதம் உடைகிறது என்பதுதான் இதன் மேல் எல்லோரும் வைக்கிற புகார். ஆசையாக எடுத்த வாள் கொஞ்ச நேரச் சண்டையில் நொறுங்கிப்போகும். எனக்கும் ஆரம்பத்தில் கோபம் வந்தது, இப்போது அந்தப் பக்கம்தான் வாதாடுவேன்: உடையாவிட்டால் ஒரு நல்ல வாளை வைத்துக்கொண்டு கடைசி வரை அதையே வீசிக்கொண்டிருப்போம், பாறையை உருட்டிவிடுவது, தேன்கூட்டை அறுத்துவிடுவது எதையும் முயல மாட்டோம். மழையை மட்டும் மன்னிக்க முடியவில்லை. செங்குத்துப் பாறையில் முக்கால்வாசி ஏறியிருப்பீர்கள், ஸ்டாமினா வட்டம் சுருங்கிக்கொண்டிருக்கும், அப்போது தூற ஆரம்பிக்கும், கை வழுக்கும், நாலு அடி ஏறினால் மூன்று அடி சறுக்கும். ஒரு சின்ன விளிம்பு கிடைத்தால் அதில் நின்று மழை விடுகிற வரை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நேரம் குறைவான ஆளுக்கு இதைப்போல வசதியானது வேறு இல்லை. 120 ஷ்ரைன்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றை ஒரே மூச்சில், இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். பொத்தானை அழுத்தித் தூங்க வைத்தால் அதே இடத்தில் நிற்கும். மறப்பதற்குக் கதையும் அதிகம் இல்லை, அதனால் எத்தனை நாள் கழித்து வந்தாலும் அதோ அந்த மலை தெரிகிறதே, அங்கே போகலாம் என்று கிளம்பினால் போதும். உலகம் முழுக்க ஒளிந்திருக்கிற 900 கோரோக் விதைகளையும் சேர்க்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். எல்லாம் சேர்த்தால் கொடுக்கிற பரிசு என்னவென்று தெரிந்தால் சிரிப்பதா அழுவதா என்று இருக்கும், பொன்னிறத்தில் சுருட்டி வைத்த ஒரு... வேண்டாம், விடுங்கள்.

இதன் தொடர்ச்சியான டியர்ஸ் ஆஃப் த கிங்டம் 2023ல் வந்தது. இன்னும் பெரிது, பொருட்களை ஒட்டி வண்டி, விமானம் எல்லாம் செய்யலாம். நேராக அதற்குப் போகலாமா என்றால், போகலாம், ஆனால் அதை ஆடிவிட்டு இதற்குத் திரும்புவது கஷ்டம்.

ரெட் டெட் 2 கடைசியில் நிற்கிறது, அதற்குக் காரணம் தரம் இல்லை. 1899ல் நடக்கிற கதை, நாயகன் ஆர்தர் மார்கன், டச் என்ற தலைவனின் கொள்ளைக் கூட்டம், துப்பாக்கிக்காரர்களின் காலம் முடிந்துபோகிற நேரம். நான்கு கேம்களின் நாயகர்களில் ஆர்தர் மாதிரி எனக்கு நெருக்கமானவர் வேறு யாரும் இல்லை, ஜெரால்ட் கூட. ஆனால் இது மெதுவான கேம். அதன் இயல்பே அதுதான், போகப் போக வேகம் பிடிக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஆரம்பமே பனிமலையில் மாட்டிக்கொண்ட நீண்ட அத்தியாயம். மானைச் சுட்டால் நடந்துபோய், கத்தி எடுத்து, தோலை உரிக்கிற முழுக் காட்சியும் ஓடும், உரித்ததைத் தோளில் தூக்கிக் குதிரை மேல் கட்ட வேண்டும், விற்காமல் சுற்றிக்கொண்டிருந்தால் மானின் உடல் அழுக ஆரம்பிக்கும், ஈ மொய்க்கும். வீட்டுக்குள் போனால் ஒவ்வொரு இழுப்பறையாக ஆர்தர் கையை விட்டுத் திறப்பார். தாடி வளரும், மழிக்க வேண்டும். குதிரைக்குத் தீனி கொடுத்துத் தேய்த்துவிட வேண்டும், அது செத்தால் செத்ததுதான்.

இதில் ஊறிவிட்டால் வேறு எந்த கேம் உலகமும் அட்டைச் செட் போலத் தோன்றும். ஊறுவதற்கு நேரம் வேண்டும் என்பதுதான் விஷயம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், முகாமிலிருந்து கிளம்பிப் பேசிக்கொண்டே குதிரையில் போய்ச் சேருவதற்கே நல்ல பகுதி போய்விடும். அப்புறம் ஒரு முரண்: உலகம் அவ்வளவு சுதந்திரம், கதைப் பகுதிக்குள் நுழைந்துவிட்டால் கயிறு கட்டி இழுத்துப் போவது போல, சுற்றி வந்து பின்பக்கமாகத் தாக்கலாமே என்று நாலு அடி விலகினால் தோற்றுவிட்டீர்கள் என்று வந்துவிடும். இதைச் செய்த ராக்ஸ்டாரின் பழைய வியாதி இது. இரண்டு வாரம் கழித்து வந்தால் பொத்தான்களும் மறந்திருக்கும், வணக்கம் சொல்வதற்கும் துப்பாக்கியைக் குறி வைப்பதற்கும் ஒரே பொத்தான், கையில் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது, கடைக்காரரிடம் அன்பாகப் பேசப் போய் ஊரே துரத்துகிற நிலைமை வரும். கணினியில் 150 ஜிபி இடமும் கேட்கும், எல்டன் ரிங் 60 ஜிபியோடு விட்டுவிடும்.

ஆக என் வரிசை இப்படி: ஸ்விட்ச் இருந்தால், நாளுக்கு அரை மணி, ஒரு மணிதான் என்றால், செல்டா. ஸ்விட்ச் இல்லை, அல்லது மனிதர்களும் கதையும்தான் முக்கியம் என்றால் விட்சர் 3, பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நீண்ட விடுமுறை வருகிறது, தொடர்ந்து ராத்திரிகள் சும்மா இருக்கும் என்றால் எல்டன் ரிங்கை அப்போது எடுங்கள், அந்த நாட்களுக்கு வேறு எதையும் திட்டமிடாதீர்கள். ரெட் டெட்டுக்கு விடுமுறை அவசியம் இல்லை, அவசரம் இல்லாத மனநிலை வேண்டும், அது எப்போது வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும். தோற்றால் கண்ட்ரோலரை வீசுகிற ஆளென்றால் எல்டன் ரிங் வேண்டவே வேண்டாம், கண்ட்ரோலரும் மிச்சம்.

விட்சரில் போய் நிற்பவர்களுக்கு இரண்டு மூன்று வேலைகள். அமைப்புகளில் போய் ஜெரால்டின் நடையை மாற்று வகைக்கு மாற்றிவிடுங்கள், அந்த வளைந்து திரும்புகிற எரிச்சல் பெருமளவு போய்விடும். கடல் கேள்விக்குறிகளை மேப் ஃபில்ட்டரில் மறைத்துவிடுங்கள். ஆரம்ப கிராமத்து விடுதியில் ஒருவர் க்வென்ட் சீட்டாட்டம் சொல்லித் தருவார், மறுக்காமல் கற்றுக்கொண்டு, விடுதிக்காரம்மாவிடம் இருக்கிற சீட்டுகளையெல்லாம் அப்போதே வாங்கிவிடுங்கள், பின்னால் காணாமல் போன வளர்ப்பு மகளைத் தேடுகிற அவசரத்திலும் நீங்கள் ஊர் ஊராகச் சீட்டாடிக்கொண்டு திரியப்போகிறீர்கள்.